பிக் குவித்து அணியைக் கட்டுவதில் என்ன குறை?

வலதுகை_லேஅப்:
அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து அணியான யூட்டா ஜாஸ் 2022 கோடையில் தன் நட்சத்திரங்களில் கோபேரை மினசோட்டாவுக்கும் மிட்செலை கிளீவ்லாந்துக்கும் அனுப்பிவிட்டு மொத்தம் ஏழு முதல் சுற்று பிக் வாங்கியது. பிக் என்றால் ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் ஒரு புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அடுத்த மூன்று சீசனில் 37, 31, 17 வெற்றிகள். ஓக்லஹோமா சிட்டியும் இதே மாதிரி குவித்துத்தான் 2025-இல் கோப்பை வென்றது. அப்புறம் யூட்டாவுக்கு மட்டும் என்ன ஆச்சு? பொறுமை போதவில்லையா?

கார்னர்_மூன்று:
லாட்டரியும் ஒரு காரணம், அதாவது தோற்ற அணிகளில் யாருக்கு முதல் பிக் என்று முடிவுசெய்யும் குலுக்கல். 2019-இல் வந்த விதிப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் வாய்ப்பு தலா 14 சதவீதமாகத்தான் இருந்தது. 17 வெற்றி, 65 தோல்வி என்று எல்லோருக்கும் கீழே முடித்த யூட்டாவுக்கு 2025-இல் ஐந்தாவது பிக். 1.8 சதவீத வாய்ப்போடு வந்த டல்லாஸ் முதல் பிக்கை வென்று, எல்லோரும் எதிர்பார்த்த கூப்பர் ஃபிளாக்கைத் தூக்கிக்கொண்டு போனது.

பெஞ்ச்_கடைசி:
லாட்டரி மேல் பழி போட்டு முடித்துவிடலாம்தான். ஆனால் கோபேரும் மிட்செலும் போன இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? 2024-25-இல் கிளீவ்லாந்து 64 ஆட்டம் வென்றது. நல்ல ஆளை விற்றால் வாங்கியவன் ஜெயிப்பான். ஜெயிக்கிற அணிக்கு டிராஃப்டில் கடைசியில்தான் முறை, அதனால் அவனிடமிருந்து வரும் பிக் முதல் சுற்றின் வால்பக்கம் போய்விடும். யூட்டா 2025 ஜனவரியில் அப்படிப்பட்ட மூன்று பிக்கை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து, 2031-இன் ஒரே ஒரு பிக்கை வாங்கியது. கணக்கில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 2031-இல் வரப்போகிறவன் இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருப்பான்!

இதற்கு நடுவில் யூட்டாவின் சிறந்த ஆட்டக்காரர் மார்க்கனென். 2023-இல் ஆல்-ஸ்டார், நன்றாக ஆடும் வயது. தோற்றால்தான் நல்ல பிக் என்றாகிவிட்ட அணியில், 2025 மார்ச்சில் ஆடத் தகுதியோடு இருந்தவரை வெளியே உட்கார வைத்ததற்காக லீக் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. பிக் காத்திருக்கும், ஆட்டக்காரனுக்கு வயது காத்திருக்காது.

இதேபோல் பிக் குவித்த ஃபிலடெல்ஃபியா இன்னும் மோசம். நோயெல், எம்பீட், 2015-இல் மூன்றாவது பிக்கில் ஒக்காஃபோர் என்று டிராஃப்டில் வந்த மூன்று பேரும் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள். மூவரையும் சேர்த்து எப்படி ஆட வைப்பது? ‘திறமையை எடு, பொருத்தத்தை அப்புறம் பார்’ என்றார்கள். அந்த அப்புறம் வந்தபோது விலை விழுந்திருந்தது. முதல் வருடம் சராசரி 17.5 புள்ளி எடுத்த ஒக்காஃபோரை, ஸ்டவுஸ்கஸ் என்ற இன்னொரு ஆட்டக்காரரையும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கையும் சேர்த்து புரூக்ளினுக்குத் தள்ளி, டிரெவர் புக்கர் என்ற ஒரே ஒரு சாதாரண ஆட்டக்காரரை வாங்கினார்கள். உனக்கு ஆள் மிஞ்சிவிட்டான் என்று ஊருக்கே தெரிந்தால் எவன் நியாய விலை தருவான்? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது இவர்களுக்கே எழுதியது.

வலதுகை_லேஅப்:
சரி, ஓக்லஹோமா?

பெஞ்ச்_கடைசி:
2019-இல் நட்சத்திரம் பால் ஜார்ஜை அனுப்பியதற்குப் பதிலாக ஓக்லஹோமாவுக்கு ஐந்து பிக் வந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த டிரேடிலேயே பின்னால் அணியின் நட்சத்திரமான கில்ஜஸ்-அலெக்சாண்டர் வந்துவிட்டார். அந்த ஐந்தில் ஒன்று ஜேலன் வில்லியம்ஸ் ஆனதும் உண்மைதான், ஆனால் அணியைச் சுற்றிக் கட்ட கில்ஜஸ்-அலெக்சாண்டர் ஏற்கெனவே நின்றிருந்தார். அப்புறம் 2024-இல் இளம் ஆட்டக்காரர் கிடியை அனுப்பி, உடனே கைகொடுக்கும் அனுபவசாலி கருசோவை வாங்கியபோது ஒரு பிக்கும் கேட்கவில்லை. யூட்டா அந்த மாதிரி ஒரு டிரேட் செய்யட்டும், அப்போது பொறுமையைப் பற்றிப் பேசலாம்.