ஆஹன் பேராலயம்: சார்லமேன் கல்லறையை உண்மையிலேயே பார்க்க முடியுமா?

எசன்_தூத்துக்குடி:

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் வருகிறார்கள், மூன்று வாரம் இருப்பார்கள். கொலோன் கதீட்ரல் எப்படியும் உண்டு, அது போக ஒரு நாள் ஆஹன் நகரத்துப் பேராலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசனை. அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். 1200 வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசர் சார்லமேனை முப்பது வருடம் பாடம் நடத்திவிட்டு, "அந்த மனுஷனைப் புதைத்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும்டா" என்கிறார். அம்மாவுக்கு சார்லமேன் யாராக இருந்தாலும் கவலையில்லை. மாதா கோயிலா, மெழுகுதிரி ஏற்றலாமா, அவ்வளவுதான்.

நானும் ஒரு தடவை போயிருக்கிறேன், நண்பர்களோடு, கிறிஸ்துமஸ் சந்தை நேரத்தில். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே தள்ளப்பட்டு, மேலே தங்கமாக மின்னியதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, பத்தே நிமிடத்தில் வெளியே வந்து சாசேஜ் கடையில் நின்றோம். கல்லறை எங்கே இருந்தது என்று இப்போது கேட்டால் முழிப்பேன். அதனால்தான் இங்கே கேட்கிறேன். அங்கே கல்லறை என்று எதைக் காட்டுகிறார்கள்? அரியணையும் இருக்கிறதாமே, அதைச் சும்மா போய்ப் பார்க்க முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது, சமதளத்தில் நன்றாக நடப்பார், படி என்றால்தான் திணறல். எசனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், அவ்வளவு தூரம் இழுத்துப்போய் ஏமாற்றிவிடக் கூடாது, அதுதான் பயம்.

பழைய_ஆஹன்காரன்:

தம்பி, நான் ஆஹனில்தான் படித்தேன். ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளை எல்லாம் அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போனதில் இருபது தடவையாவது உள்ளே போயிருப்பேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லிவிடு. தரையில் பெயர் வெட்டிய கல், அதற்குக் கீழே ராஜா, அப்படி ஒன்று சார்லமேனுக்கு அங்கே கிடையாது. 814 ஜனவரி 28 அன்று இறந்தார், அன்றைக்கே கோயிலில் அடக்கம் செய்துவிட்டார்கள். ஆனால் சரியாக எந்த இடத்தில் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1000ஆம் ஆண்டில் மூன்றாம் ஓட்டோ என்ற பேரரசர் அந்தக் கல்லறையைத் தேடித் திறந்து பார்த்தார், 1165ல் பார்பரோசா என்ற இன்னொரு பேரரசர் எலும்புகளை வெளியே எடுத்தார், 1215ல் பார்பரோசாவின் பேரன் இரண்டாம் ஃபிரெடரிக் அவற்றைத் தங்கத் தகடு போர்த்திய ஒரு பேழைக்குள் வைத்து மூடினார். அதுவும் தன் முடிசூட்டு விழா முடிந்த இரண்டாம் நாள், அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்துத் தானே ஆணி அடித்து மூடினார் என்று அந்தக் காலத்துப் பதிவு சொல்கிறது. அந்தப் பேழைதான் இப்போது கல்லறை. கோயிலின் கிழக்குக் கோடியில், பீடப்பகுதியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சும்மா உள்ளே போனால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். வழிகாட்டியோடு போகும் சுற்றில் சேர்ந்தால் பக்கத்தில் போகலாம்.

பக்கத்தில் போனால் பக்கவாட்டைக் கவனிக்கச் சொல். வழக்கமாக இந்த மாதிரிப் பேழைகளில் அப்போஸ்தலர்களும் தீர்க்கதரிசிகளும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இதில் பக்கத்துக்கு எட்டுப் பேராக பதினாறு அரசர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! முன்பக்கம் சார்லமேன் பெரிதாக நடுவில், இரண்டு பக்கமும் ஒரு போப்பும் ஒரு ஆயரும், இயேசு மேலே சின்னதாக. வாத்தியாருக்கு இந்த ஒரு விஷயமே ஒரு வாரப் பேச்சுக்குப் போதும்.

இன்னொரு சங்கதி. மண்டையோட்டின் மேல்பகுதி அந்தப் பேழையில் இல்லை, பக்கத்துப் பொக்கிஷ அறையில் வெள்ளியும் தங்கமுமான ஒரு மார்பளவுச் சிலைக்குள் இருக்கிறது. அதே அறையில்தான் பெர்செஃபோனி கல்பெட்டியும். ரோமர் காலத்துப் பளிங்கு, பாதாள உலகத்து அரசன் பெண்ணைத் தேரில் தூக்கிக்கொண்டு போகிற காட்சி செதுக்கியது. சார்லமேனை முதலில் இதற்குள்தான் வைத்தார்கள் என்று நம்புகிறார்கள். கிறிஸ்தவப் பேரரசர், கிரேக்கப் புராணப் பெட்டி! பொக்கிஷ அறைக்கு டிக்கெட் உண்டு, கோயிலுக்குள் போகக் கட்டணம் இல்லை.

அரியணை மேல்மாடத்தில் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், போகிற வழி குறுகலான சுழற்படி. முழங்காலுக்கு ஆகாது, அப்பாவைக் கட்டாயப்படுத்தாதே. ஆங்கிலச் சுற்றுகள் ஒரு நாளில் மிகக் குறைவு, அதனால் போனவுடன் கோயிலுக்கு அருகில் உள்ள தகவல் மையத்தில் நேரத்தைக் கேட்டு முதலில் டிக்கெட் எடுத்துவிடு, அப்புறம் மற்றதெல்லாம்.

ரயில் பற்றிக் கவலை வேண்டாம், எசனிலிருந்து ஆர்.இ. 1 நேராகப் போகிறது, நிலையத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

ரைன்கரை_ரமணி:

எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள், நான் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஏமாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினோம், பூசை நடந்துகொண்டிருந்தது, சுற்றிப் பார்க்க வந்தவர்களை விடவில்லை. அது அவர்கள் கோயில், தப்பு என்னுடையது. வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம். அப்புறம் உள்ளே போனால் இருட்டு, கூட்டம், பேழை எங்கோ தொலைவில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு. கொலோன் கதீட்ரலைப் பார்த்த கண்ணோடு போனால் இது சின்னதாகத்தான் தெரியும்.

இன்னொன்று, எல்லோரும் போட்டோ எடுக்கிற அந்தத் தங்கக் கூரை ஓவியம் சார்லமேன் காலத்தது இல்லை, 19ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தது. சுவரில் இருக்கிற பளிங்கும் அதற்குப் பின்னால் ஒட்டியதுதான். நான் 1200 வருடப் பழசு என்று நினைத்து அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

பழைய_ஆஹன்காரன்:

ரமணி சொல்வது தவறில்லை, ஆனால் பாதிதான். அந்தக் கூரை ஓவியம், அதாவது சில்லு பதித்த மொசைக், புதிது, ஆனால் கட்டடம் பழசுதான். எட்டுப் பக்கச் சுவரும் அதன் மேல் உள்ள கும்மட்டமும் 790களில் தொடங்கிக் கட்டியவை. உயரம் முப்பது மீட்டருக்குச் சற்று மேல். அதன் பிறகு பல நூற்றாண்டுகளுக்கு ஆல்ப்ஸுக்கு வடக்கே இவ்வளவு உயரத்தில் ஒரு கல் கும்மட்டத்தை யாரும் எழுப்பவில்லை. கொலோனோடு ஒப்பிடக் கூடாது, கொலோனுக்கு அடிக்கல் போட்டதே 1248ல். இது அதற்கு நாலரை நூற்றாண்டு மூத்தது. மேல்மாடத்துத் தூண்கள் ரோம், ரவென்னா பக்கமிருந்து கொண்டுவந்தவை. பிரெஞ்சுப் படை 1794ல் அவற்றைப் பெயர்த்துப் பாரிசுக்குக் கொண்டுபோனது, பின்னால் திரும்பி வந்தது போக சில இன்னும் அங்கே லூவர் அருங்காட்சியகத்திலேயே நிற்கின்றன.

ஞாயிறு காலை மட்டும் போகாதீர்கள். அதில் ரமணியோடு முழு உடன்பாடு.

ஹம்_மலர்:

நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருசமாய் யேர்மனியில். அம்மாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதுதான் எழுதுகிறேன் தம்பி.

அது மாதாவுக்கு நேர்ந்த கோயில்தான். சார்லமேன் கட்டும்போதே மாதாவின் பெயரில்தான் கட்டினவர். உள்ளே மாதாவின் திருச்சுரூபம் ஒன்று இருக்கிறது, அதற்கு விதம்விதமான உடைகள் உண்டு, காலத்துக்கேற்ப மாற்றி உடுத்துவார்கள். அரச குடும்பத்துப் பெண்கள் கொடுத்த பழைய உடைகளும் அதில் இருக்கு. வேளாங்கண்ணி மாதாவுக்குச் சேலை உடுத்துகிற நாங்கள் அதைப் பார்த்தால் அந்நியமாகத் தெரியாது. உங்கள் அம்மாவும் பனிமய மாதாவின் ஊர்தானே, அவவுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பீடப்பகுதியில் இரண்டு பேழை இருக்கிறது, எல்லோரும் ராசாவின் பேழையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். மற்றது மாதா பேழை. அதற்குள் நாலு துணிகள், மாதாவின் அங்கி, குழந்தை இயேசுவைச் சுற்றின துணி, சிலுவையில் இயேசுவின் இடையில் கட்டியிருந்த துணி, ஸ்நாபக அருளப்பரின் தலையைச் சுற்றின துணி என்று நம்பிக்கை. ஏழு வருசத்துக்கு ஒருக்கால்தான் வெளியே எடுத்துக் காட்டுவார்கள். கொரோனாவால் தள்ளிப்போய் 2023ல் நடந்தது, அடுத்தது 2028. நான் 2014ல் போனனான், சனம் என்றால் அப்படிச் சனம்.

ஆகஸ்டில் வருகிறார்கள் என்றால் இங்கே யேர்மனியில் கேவலார் என்கிற யாத்திரை ஊரில் இருக்கிற மாதாவிடமும் கூட்டிக்கொண்டு போங்கோ, தமிழ் ஆட்கள் யாத்திரையாய் ஆயிரக்கணக்கில் வருவார்கள், சைவக்காரரும் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். அங்கே அம்மாவுக்கு மொழிப் பிரச்சினையும் இல்லை.

நாத்திகன்_நாகர்கோவில்:

அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் மாதாவைக் கும்பிட வருகிறவர்கள் அப்படியே திரும்பி அந்த ராஜாவின் பேழைக்கும் ஒரு கும்பிடு போடுகிறார்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 782ல் வெர்டன் என்ற ஊரில், அவரை எதிர்த்துப் போரிட்ட சாக்சன் இனத்தவர் 4,500 பேரை ஒரே நாளில் தலையை வெட்டினார் என்று அவருடைய அரசவைக் குறிப்பேடே எழுதி வைத்திருக்கிறது. ஞானஸ்நானம் வாங்க மறுத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டவர். அவர் எப்படிப் புனிதர்?

பழைய_ஆஹன்காரன்:

அப்பாவிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம், இருந்தாலும் சுருக்கமாக. 1165ல் அவரைப் புனிதர் என்று அறிவிக்கச் சொன்னது பார்பரோசா. அறிவிக்க ஒப்புதல் கொடுத்தது மூன்றாம் பாஸ்கல், அதாவது பார்பரோசா ஆதரித்த எதிர்ப் போப். ரோமில் உண்மையான போப்பாக இன்று எண்ணப்படும் மூன்றாம் அலெக்சாண்டரோடு பார்பரோசாவுக்குச் சண்டை. தன் பரம்பரைக்கு ஒரு புனித மூதாதையர் வேண்டும் என்று அவர் செய்த அரசியல் அது. ரோம் அதை ஏற்கவும் இல்லை, ஆஹனில் கொண்டாடுவதைத் தடுக்கவும் இல்லை. ஜனவரி கடைசியில் இன்றும் அவருக்கு விழாப் பூசை உண்டு. ஆகவே நாகர்கோவில் நண்பர் கோபப்பட வேண்டியது பார்பரோசா மேல்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். வாசலில் உள்ள வெண்கலக் கதவைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கோயில் கட்டக் காசு தீர்ந்து சாத்தானிடம் கடன் வாங்கினார்களாம், முதலில் உள்ளே வருகிற உயிர் எனக்கு என்றானாம் அவன், ஊர்க்காரர்கள் ஒரு ஓநாயை உள்ளே விரட்டிவிட்டார்களாம். ஏமாந்த கோபத்தில் கதவை அறைந்து சாத்தியபோது அவன் கட்டைவிரல் அதில் மாட்டிக்கொண்டதாம். கதவில் சிங்கமுகப் பிடி இருக்கிறது, வாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் சாத்தானின் விரல் தட்டுப்படும். உள்ளே நுழைந்ததும் நெஞ்சில் ஓட்டையோடு ஒரு வெண்கல ஓநாய் உட்கார்ந்திருக்கும். உண்மையில் அது பெண்கரடி என்கிறார்கள், ஊர்க்காரர்களிடம் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

எசன்_தூத்துக்குடி:

போய் வந்துவிட்டோம், நேற்று, வியாழக்கிழமை. எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக மலர் அக்காவுக்கு.

நடந்ததைக் கேளுங்கள். ஆங்கிலச் சுற்று மதியம்தான். அதுவரை பொக்கிஷ அறைக்குப் போனோம், அப்பா அந்தக் கல்பெட்டி முன்னால் இருபது நிமிடம் நின்றார். வழிகாட்டிப் பலகையைப் படிக்காமலே ஒவ்வொரு உருவமாக எனக்குப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார், பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரக் கிழவர் ஒருவர் ஒன்றும் புரியாமலே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எலும்புகளை அளந்து பார்த்ததில் ராஜாவின் உயரம் 1.84 மீட்டர் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். "அவன் அப்பன் பேரே குள்ளப் பிப்பின், தெரியுமா" என்று சிரித்தார்.

சுற்றில் பேழைக்குப் பக்கத்தில் எல்லோரும் போனோம். பதினாறு அரசர்களையும் அப்பா எண்ணிப் பார்த்தார், நம்பாமல் மறுபடியும் எண்ணினார். அம்மா மாதா பேழைப் பக்கம் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், திருச்சுரூபத்தின் உடையைப் பார்த்துவிட்டு "ஜரிகை நல்ல கனம்" என்றார், அது அவருடைய உயர்ந்த பாராட்டு.

சுழற்படிக்கு வந்ததும் அப்பா தானாகவே கீழே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரோடு இருந்தேன். அரியணையைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாத அம்மா மட்டும் என் போனை வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு மேலே போனார். இறங்கி வந்தவர் சொன்னது: "தங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு பலகைக் கல்லு, ஓரத்துல இரும்பு மாதிரி பட்டை அடிச்சிருக்கு. நம்ம வீட்டுத் துவைக்கிற கல்லு இதைவிட வழவழன்னு இருக்கும்." சுமார் முப்பது அரசர்கள் முடிசூடி உட்கார்ந்த இடம் என்று அப்பா 936, 1531 என்று வருடங்களோடு ஆரம்பித்தார், அம்மா கேட்கவில்லை. ஆனால் பக்கவாட்டுக் கல்லில் கீறியிருந்த கட்டத்தைப் படம் பிடித்து வந்திருந்தார். "பாருங்க, நம்ம கோயில் மண்டபத்துத் தரையில பசங்க ஆடுபுலி ஆடக் கீறி வைப்பாங்கள்ல, அதே மாதிரி ராஜா நாற்காலியில எவனோ கீறி வச்சிருக்கான்." ரோமானியக் காலத்துக் கல்லை எடுத்துச் செய்தது, அந்தக் காலத்திலேயே யாரோ விளையாடியிருக்கலாம் என்று வழிகாட்டி சொன்னாராம்.

திரும்பும்போது பிரிண்டன் என்ற ஆஹன் ஊர் மசாலா பிஸ்கட் வாங்கினோம், பட்டை, கிராம்பு, சோம்பு வாசனை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கல் மாதிரி கெட்டியானதும் உண்டு, மெதுவானதும் உண்டு, கடையில் கேட்டு வாங்குங்கள், நான் கேட்கவில்லை, அப்பாவின் பல்செட் தப்பித்ததே பெரிய விஷயம். சிங்கத்தின் வாய்க்குள் விரல் விட்டது அம்மா மட்டும்தான். என்ன தட்டுப்பட்டது என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று சதுரம், ஒன்றுக்குள் ஒன்று. ஒரு தாளில் வரைந்து வைத்துவிட்டு, புளியங்கொட்டை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். எசனில் புளியங்கொட்டைக்கு நான் எங்கே போவேன்?