450 எஸ்எல்: காலையில் உடனே ஸ்டார்ட், சூட்டில் மட்டும் அடம் பிடிக்கிறது – உதவி தேவை

நெக்கார்க்கரை:
வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். என் கார் 1979 மெர்சிடிஸ் 450 எஸ்எல், ஐரோப்பிய மாடல், கே-ஜெட்ரானிக் என்ற இயந்திர வகைப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு அரை மணி நேரம் நிறுத்தினால் தொல்லைதான். ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் எட்டு சிலிண்டரில் ஐந்தாறு மட்டும் வேலை செய்வது போல உதறிக்கொண்டு எழும். ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். பெட்ரோல் போட நிறுத்தி உடனே கிளம்பினால் பிரச்சினை இல்லை. பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஃபில்டர் எல்லாம் புதிது.

ஒரு பட்டறையில் வார்ம்-அப் ரெகுலேட்டரையும் (எஞ்சின் சூட்டுக்கேற்ப அழுத்தத்தை மாற்றுவது) ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டரையும் (சிலிண்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுப்பது) மாற்றச் சொல்கிறார்கள். கேட்ட தொகைக்கு ஊரில் நல்ல பைக் ஒன்று வாங்கலாம். அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தார்களா என்று கேட்டேன், இல்லையாம். என்ன செய்யலாம்?

பழையபென்ஸ்:
பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 பெட்ரோல்தான் காரணம் தம்பி. எத்தனால் குறைவான சூப்பர் பிளஸ் ஊற்றிப் பாருங்கள்.

சூரிச்_எட்டுசிலிண்டர்:
தம்பி, பட்டறைக்குக் காசு கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கோ. ரெகுலேட்டர் பழுதென்றால் சூட்டில் ஓடும்போதும் கார் திணறும், புகைக்கும். உங்களுடையது ஓடும்போது நன்றாக ஓடுகிறது, நின்ற பிறகுதான் அடம் பிடிக்கிறது. எனக்கு இது நின்ற பிறகு லைனில் மிச்ச அழுத்தம் தங்காத கேஸ் மாதிரித்தான் தெரிகிறது.

கே-ஜெட்டில் எஞ்சினை நிறுத்தியதும் அழுத்தம் இன்ஜெக்டர் திறக்கும் அளவுக்குக் கீழே சட்டென்று இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோல் சொட்டும். ஆனால் அதற்கு மேல் இறங்காமல் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எஞ்சின் சூட்டில் லைனுக்குள் பெற்றோல் கொதித்து ஆவியாகும். பிறகு நீங்கள் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது பம்ப் குமிழியைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும். காலையில் ஆவி இல்லை, கோல்டு ஸ்டார்ட் வால்வும் தனியாகப் பெற்றோல் தெளிக்கிறது, அதனால் அழுத்தம் சுழியமாக இருந்தாலும் உடனே பிடிக்கிறது. பழையபென்ஸ் சொன்ன ஈ10 நிலைமையை மோசமாக்கும், உண்மைதான். ஆனால் அழுத்தம் நிற்கிற காரில் ஈ10 ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகும்.

முதலில் காசு செலவில்லாத சோதனை. கார் அடம் பிடிக்கும் நேரத்தில் பம்ப் ரிலேயைக் கழற்றி, வயர் வரைபடத்தைப் பார்த்து சரியான இரண்டு துளைகளை ஃபியூஸ் வைத்த வயரால் இணைத்து, பம்பைப் பத்துப் பதினைந்து வினாடி ஓட விடுங்கள். அப்புறம் ரிலேயைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று பிடித்தால் நான் சொன்னதுதான். பிடிக்காமல் பெற்றோல் வாசனையும் கறுப்புப் புகையும் வந்தால் இன்ஜெக்டர் சொட்டுகிறது, அது வேறு கதை.

அடுத்தது கேஜ். ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் இடையில் மாட்ட வேண்டும். போர்ஷே 911 எஸ்சி, ஃபெராரி 308 ஜிடிபிஐ, டிலோரியன் எல்லாம் இதே கே-ஜெட்தான், அந்த ஆட்களிடம் கேட்டால் இரவல் கிடைக்கும். சூட்டில் எஞ்சின் ஓடும்போது ரெகுலேட்டர் தரும் கன்ட்ரோல் அழுத்தம் 3.6 பார் வாக்கில் இருந்தால் ரெகுலேட்டரை மறந்துவிடலாம். நிறுத்தி அரை மணி கழித்தும் 2.5 பார் பக்கம் நிற்க வேண்டும்.

இறங்கினால் ஒழுகும் வழிகள் நாலைந்துதான்: பெற்றோலைப் பின்னால் திரும்ப விடாத, பம்பில் உள்ள செக் வால்வு, நின்ற பிறகு அழுத்தத்தைத் தாங்கி வைக்கும் அக்யுமுலேட்டர், ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சிஸ்டம் பிரஷர் ரெகுலேட்டர், இன்ஜெக்டரோ கோல்டு ஸ்டார்ட் வால்வோ. டாங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை நசுக்கிப் பிடித்தபோது அழுத்தம் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் பாருங்கள். அக்யுமுலேட்டர் பின் அச்சுக்கு முன்னால், காருக்கு அடியில், பம்போடு இருக்கிறது. அதன் பின்பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை அடைத்துவிட்டு பம்பை ஓட்டுங்கள். அக்யுமுலேட்டரின் திறந்த வாயில் பெற்றோல் வந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது. பழைய ஹோஸ் நசுக்கினால் வெடிக்கும், கவனம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், சூடான எஞ்சினில் இதெல்லாம் வேண்டாம்.

இன்னொன்று: 1975 வரை வந்த 450 எஸ்எல்லில் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு இன்ஜெக்ஷன், அது முழுக்க வேறு சிஸ்டம். இணையத்தில் அந்தக் கார்களுக்கான யோசனைகளும் கலந்து கிடக்கின்றன, ஏமாறாதீர்கள்.

நெக்கார்க்கரை:
அண்ணா, ரொம்ப நன்றி. பம்பை ஓட்டிவிட்டு ஸ்டார்ட் செய்ததும் முதல் சுற்றிலேயே பிடித்துவிட்டது! ஒரு 911 எஸ்சி நண்பர் கேஜ் கொடுத்தார். கன்ட்ரோல் அழுத்தம் 3.6. நிறுத்தியதும் முள் சில நிமிடத்தில் ஏறக்குறைய சுழியத்துக்கு வந்துவிட்டது. ரிட்டர்னை நசுக்கியும் மாற்றமில்லை. அக்யுமுலேட்டர் பின்வாயில் பெட்ரோல் தாராளமாக ஊற்றுகிறது. பட்டறை சொன்ன இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

சூரிச்_எட்டுசிலிண்டர்:
உங்கள் கார் சேர்ந்த ஆர்107 வரிசையை 1971 முதல் 1989 வரை 2,37,287 எண்ணிக்கையில் செய்திருக்கிறார்கள், அதுவும் உங்களுக்குப் பக்கத்திலுள்ள சிண்டெல்ஃபிங்கனில். பாகத்துக்குப் பஞ்சமில்லை. அக்யுமுலேட்டரோடு பம்ப் செக் வால்வையும் மாற்றிவிடுங்கள், விலை குறைவு, எப்படியும் காருக்கு அடியில் படுக்கத்தானே போகிறீர்கள். பக்கத்து ரப்பர் ஹோஸ்கள் எத்தனால் தாங்கும் வகையாக இருக்கட்டும். செப்பு வாஷர்கள் எல்லாம் புதிதாகப் போடுங்கள். எஞ்சினை எழுப்பும் முன் பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.