மழை பெய்த மறுநாள் முதல் டெஸ்க்டாப்பில் நெட் இல்லை, லேன் போர்ட்டில் விளக்கே எரியவில்லை

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். ஜாப் ஒர்க் எடுக்கும் யூனிட்டுகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். அதை ஊசி ஓடும் வரிசையாக மாற்றி, டிஎஸ்டி ஃபைலாகத் திருப்பி அனுப்ப வேண்டும். ஃபைல் என்னவோ சின்னதுதான். ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அங்கே 12 தலை மிஷின் ஆளோடு சேர்ந்து சும்மா நிற்கும். அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

புதன் இரவு இங்கே நல்ல மழை, இடி மின்னல். கரண்ட் மூன்று முறை போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டரை முன்பே அணைத்துவிட்டேன், ஆனால் பிளக்கைப் பிடுங்கவில்லை. காலையில் போட்டால் நெட் இல்லை. நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸில் ஈதர்நெட் பெயர் இருக்கிறது, மேலே சிவப்புப் பெருக்கல் குறி, கேபிள் செருகப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. கேபிள் செருகித்தான் இருக்கிறது.

நான் செய்து பார்த்தவை: ஐந்தாறு முறை ரீஸ்டார்ட், கேபிளைக் கழற்றி மாட்டியது, ரவுட்டரில் வேறு ஓட்டைக்கு மாற்றியது. அதே கேபிளைத் தம்பியின் லேப்டாப்பில் செருகினால் நெட் வருகிறது. போனிலும் வைஃபை வருகிறது. என் டெஸ்க்டாப்பில் வைஃபை கிடையாது, போர்டோடு வந்த லேன் மட்டும்தான். 2018-ல் வாங்கிய செகண்ட் ஹேண்ட் சிஸ்டம், விண்டோஸ் 10.

பக்கத்தில் சர்வீஸ் செய்பவர் வந்து பார்த்தார். லேன் சிப் போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும், 7,000 ரூபாய் ஆகும் என்றார். மற்ற எல்லாம் நன்றாக ஓடுகிறதே, இதற்காகப் போர்டையே மாற்றத்தான் வேண்டுமா? டிசைன் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் இந்தப் போர்டோடு சேர்த்துப் பதிவானது, அதுவும் ஒரு பயம்.

—

கரிசல்காட்டுவாசி எழுதியது:

முதலில் இன்றைய வேலையைப் பாருங்கள் அக்கா. போனை யூஎஸ்பி வயரால் கம்ப்யூட்டரில் செருகி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10 அதைப் புதிய நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும், டேட்டாவும் தீராது. நிறைய போன்களில் இது வேலை செய்கிறது.

அப்புறம் நெட்வொர்க் ரீசெட் என்று செட்டிங்ஸில் ஒன்று இருக்கிறது, அதையும் செய்து பார்க்கலாம்.

—

பழைய சர்வீஸ்காரன் எழுதியது:

டெதரிங் யோசனை அருமை, அதை உடனே செய்யுங்கள் அம்மா. ரீசெட் இப்போது வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

நான் தஞ்சாவூரில் 2003 முதல் 2019 வரை கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவன். நெட் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் முதலில் பெட்டியின் பின்னால் குனிந்து போர்ட் விளக்கைத்தான் பார்ப்பேன். விளக்கு எரிந்தால் கார்டும் கேபிளும் எதிர்முனையும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று அர்த்தம், கோளாறு அதற்கு மேலே இருக்கிறது. அப்போது கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை அடித்துப் பார்க்க வேண்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால் கார்டு உயிரோடு இருக்கிறது, ரவுட்டரிடமிருந்து முகவரி மட்டும் கிடைக்கவில்லை. ரவுட்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று அனுப்பிப் பார்க்கும் சின்னச் செய்தி) போகிறது, வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கும் போகிறது, தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் தகராறு, அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் இடத்தில் கோளாறு. ரீசெட், டிரைவர் மாற்றம் எல்லாம் அந்த இடத்தில்தான் பயன்படும். சிலர் 127.0.0.1-க்குப் பிங் அடித்துவிட்டுக் கார்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். அது கார்டு வரைக்கும் போகவே போகாது, கம்ப்யூட்டருக்குள்ளேயே திரும்பிவிடும். அதை நம்பாதீர்கள்.

உங்களுக்கு விளக்கே எரியவில்லை. ஆனால் ஈதர்நெட் பெயர் இன்னும் பட்டியலில் தெரிகிறது. சிப் முழுதாகச் செத்திருந்தால் பெரும்பாலும் டிவைஸ் மேனேஜரில் பெயரே காணாமல் போகும், இல்லையென்றால் மஞ்சள் முக்கோணத்தோடு 'Code 10' என்ற பிழை எண் காட்டி நிற்கும். அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நீங்கள் ஐந்தாறு முறை ரீஸ்டார்ட் செய்தேன் என்கிறீர்கள். அதில் லேன் சிப்புக்குப் போகும் மின்சாரம் ஒரு முறைகூட நிற்கவில்லை. ஷட்டவுன் செய்தாலும் நிற்காது. சுவரில் கரண்ட் இருக்கும்வரை பவர் சப்ளை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். லேன் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பும் வசதிக்காக அந்த மின்சாரத்தில்தான் லேன் சிப் விழித்திருக்கிறது. கரண்ட் விட்டு விட்டு வரும்போது அது குழம்பி ஒரே நிலையில் சிக்கிக்கொண்டால், எத்தனை ரீஸ்டார்ட் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். லேன் கேபிளையும் கழற்றுங்கள். பிளக் இல்லாமலேயே பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் ரவுட்டரையும் அணைத்துப் போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டிவிட்டு விளக்கைப் பார்த்து எழுதுங்கள். அதுவரை 7,000 ரூபாயைக் கையிலிருந்து விடாதீர்கள்.

—

நூல்கண்டு எழுதியது:

ஐயா, விளக்கு எரிகிறது! பச்சையும் மஞ்சளும் இரண்டும் எரிகின்றன. நெட் வந்துவிட்டது. பட்டனை அழுத்தியபோது உள்ளே ஃபேன் ஒரு நொடி லேசாகத் திரும்பி நின்றது, பயந்துவிட்டேன், ஆனால் வேலை செய்தது. மிக்க நன்றி. காலையில் டெதரிங்கில் இரண்டு டிசைன் அனுப்பிவிட்டேன், அந்தத் தம்பிக்கும் நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். என்னுடையது 200 எம்பிபிஎஸ் பிளான். முன்பு ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 190 காட்டும். இப்போது நான்கு முறை போட்டேன், நான்கிலும் 94-தான். சிப் பாதி போய்விட்டதா?

—

டெல்டாமழை எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இதைப் படிப்பவர்களில் சிலருக்கு உண்மையாகவே கார்டு போயிருக்கும், அவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மின்னலில் போனது. மாடியில் ரவுட்டர், கீழே கம்ப்யூட்டர், கேபிள் வெளிச்சுவர் வழியாக இறங்கியது. எனக்கு டிவைஸ் மேனேஜரில் பெயரே இல்லை, மேலே சொன்ன வைத்தியமும் பலிக்கவில்லை. அப்போதுகூட நான் போர்டை மாற்றவில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் கிகாபிட் லேன் கார்டு ஒன்று வாங்கிப் போட்டேன், ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. பெட்டியைத் திறக்கத் தயங்குபவர்கள் யூஎஸ்பி 3.0-வில் செருகும் லேன் அடாப்டர் வாங்கலாம். போர்டில் இருக்கும் செத்த லேனை பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) போய் அணைத்துவிடுவது நல்லது. ரவுட்டர் இல்லாமல் நேரடியாகக் கம்ப்யூட்டரில் கேபிள் செருகியிருப்பவர்கள் மட்டும் கார்டு மாற்றிய பிறகு நெட் கொடுப்பவரிடம் சொல்ல வேண்டியிருக்கலாம், சிலர் பழைய கார்டின் மேக் முகவரியை (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி எண்) பதிந்து வைத்திருப்பார்கள்.

ஃபைபர் நெட்டுக்கு மின்னல் பயம் இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, அது சரிதான். ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் கரண்ட் லைனில் இருக்கிறது, அங்கிருந்து கம்ப்யூட்டர் வரை செம்புக் கம்பி ஓடுகிறது. அந்த வழியாக வரலாம். இடி இடித்தால் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

—

பழைய சர்வீஸ்காரன் எழுதியது:

டெல்டாமழை சொன்னது அத்தனையும் சரி. அம்மா, உங்கள் சிப் நன்றாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். 94 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம்.

லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். மிச்ச நான்கில் ஒன்று அறுந்தாலும் பல கார்டுகள் 100-க்கு இறங்கி வேலையை ஓட்டும். 100 இணைப்பில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94, 95-க்கு மேல் ஏறாது. இன்னொன்றும் உண்டு. எந்த வேகத்தில் பேசலாம் என்று இரு முனைகளும் பேரம் பேசுவது அந்த முதல் இரண்டு ஜோடிகளில்தான். அங்கே 1000-க்கு ஒத்துக்கொண்டுவிட்டு, மற்ற ஜோடியில் பேச முடியாமல் திணறி, விளக்கே எரியாமல் நிற்கும் சிப்புகளையும் பார்த்திருக்கிறேன். உங்களுடையது முதல் நாள் அப்படி நின்றிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

ஈதர்நெட் ஸ்டேட்டஸைத் திறந்து ஸ்பீடு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். தம்பியின் லேப்டாப்பிலும் இதே கேபிளைச் செருகி அதே இடத்தைப் பாருங்கள். இரண்டிலும் 100 என்றால் கேபிள்தான். அப்புறம் கேபிளை முனையிலிருந்து முனை வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். கதவு, ஜன்னல், மேஜைக் கால் எங்கேயாவது நசுங்கியிருக்கும்.

—

நூல்கண்டு எழுதியது:

ஐயா, இரண்டிலும் 100-தான் காட்டியது. தடவிக்கொண்டு போனேன். ஹாலிலிருந்து என் அறைக்குக் கேபிள் ஜன்னல் வழியாக வருகிறது. அந்த ஜன்னலை நாங்கள் எப்போதும் முழுதாகச் சாத்துவதில்லை, கேபிளுக்காக ஒரு விரல் இடைவெளி விட்டிருப்போம். புதன் இரவு சாரல் உள்ளே அடித்ததால் நான்தான் இழுத்துச் சாத்தி மேல்தாழ்ப்பாளும் போட்டேன். சரியாக அந்த இடத்தில் கேபிள் தட்டையாகக் கிடந்தது. தோலை உரித்துப் பார்த்தேன். பழுப்புக் கம்பி அறுந்து, நீலமும் பாதி போயிருந்தது. மின்னல் மின்னல் என்று மூன்று நாளாக வானத்தைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் போதுமா, புதுசு வாங்கவா?

—

பழைய சர்வீஸ்காரன் எழுதியது:

டேப் வேண்டாம் அம்மா. ஜோடிகளின் முறுக்கு கலைந்துவிட்டால் கிகாபிட் ஒழுங்காக நிற்காது, மறுபடியும் இதே தொல்லை. புதிதாகவே வாங்குங்கள். அறுந்த கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அது மடக்கினாலே ஒடியும். கடையில் முழுச் செம்பு கேட் 5ஈ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்கு இரண்டில் எதுவும் போதும்.

ஜாக்கைக் கடையிலேயே கிரிம்ப் செய்யச் சொல்லலாம், அதாவது கம்பிகளை ஜாக்குக்குள் வைத்து அழுத்திப் பொருத்தச் சொல்லலாம். ஜன்னலில் சின்ன ஓட்டை போட்டு நுழைப்பதாக இருந்தால் ஒரு முனையை வீட்டில்தான் செய்ய வேண்டும். ஜாக்கின் கிளிப் கீழ்ப்பக்கமும், கம்பி நுழையும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கட்டும். இடமிருந்து வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி சேர்ந்து வராது, நடுவில் நீலம் நுழையும். பலர் தப்பு செய்வது அங்கேதான். இரு முனையிலும் இதே வரிசை.

—

நூல்கண்டு எழுதியது:

சுரண்டினேன், வெள்ளைதான். 15 மீட்டர் முழுச் செம்பு வாங்கி, தம்பியை வைத்து ஜன்னல் கட்டையின் மூலையில் ஓட்டை போட்டு இழுத்தோம். என் பக்க ஜாக்கை நானே போட்டேன். முதல் ஜாக்கில் பச்சையைச் சேர்த்து வைத்துவிட்டேன், இரண்டாவது சரியாக வந்தது. ஸ்டேட்டஸில் இப்போது 1.0 ஜிபிபிஎஸ், ஸ்பீடு டெஸ்டில் 191. கேபிள், நான்கு ஜாக், கிரிம்பிங் கருவி எல்லாம் சேர்த்து 7,000-இல் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஆனது. நேற்று இரவும் இடி இடித்தது. பிளக், லேன் கேபிள் இரண்டையும் பிடுங்கி வைத்துவிட்டு, ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டு படுத்தேன்.