தாத்தாவின் கரி அடுப்புக்கு என்ன விலை சொல்வது?

குழு: முத்தியால்பேட்டை வீடு, புதுச்சேரி

சனி, காலை 8.40

அண்ணன்: மாடி அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். தாத்தாவின் இரும்பு அடுப்பு மட்டும் மிச்சம். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்தார். 60 கிலோ வரும், கிலோ 30 ரூபாய் என்கிறார். நாளை நாலு மணிக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருவார். யாருக்காவது வேண்டுமா?

அண்ணன்: (புகைப்படம்)

அம்மா: 1,800 ரூபாயா? அதன் மேல் இத்தனை வருஷமாகப் பூந்தொட்டி வைத்திருந்தோம்.

நான்: அண்ணா, அவசரப்படாதே. அது எந்த அடுப்பு, எந்த வருஷத்தது என்று தெரிந்துகொள்ளாமல் எடை போட்டுக் கொடுக்க வேண்டாம். பின்பக்கம் ஏதாவது எழுத்து இருக்கிறதா பார்.

அண்ணன்: கதவுக்கு மேல் 'கோடின்' என்று வார்த்திருக்கிறது. கீழே 'குயிஸ்' மாதிரி ஒரு சொல், அப்புறம் ஒரு எண்.

சனி, பகல் 12.15

சித்தப்பா (பிரான்ஸ்): இப்போதுதான் எழுந்தேன். கோடின் இல்லை, கோதேன். அண்ணே, அண்ணி, தயவுசெய்து அதை இரும்புக் கடைக்குக் கொடுக்காதீர்கள். இங்கே அந்தப் பெயரைத் தெரியாத கிராமத்து வீடு கிடையாது.

சித்தப்பா (பிரான்ஸ்): இந்த அடுப்புக் கம்பெனியை ஆரம்பித்த கோதேன் ஒரு பூட்டுக் கொல்லரின் மகன். அந்தக் காலத்து அடுப்புகள் தகரத்தில் இருந்தன, நெருப்பு அணைந்ததும் ஆறிவிடும். அவர் வார்ப்பிரும்பில் செய்து 1840இல் காப்புரிமை வாங்கினார். வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். 1846இல் பட்டறையை வட பிரான்சில் குயிஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். தொழிலாளிகளுக்குக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், நாடக அரங்கு எல்லாம் கட்டி, 1880இல் கம்பெனியையே அவர்களோடு கூட்டாக மாற்றினார். அந்தக் கூட்டு 1968 வரை நடந்தது. அப்பா அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்.

அப்பா: தாத்தாவுக்கு இரும்பு வேலை தெரியும். கண்டதை வாங்க மாட்டார்.

நான்: சித்தப்பா, அங்கே இது என்ன விலைக்குப் போகிறது?

சித்தப்பா (பிரான்ஸ்): விளம்பரங்களைப் பார்த்தேன். துருப்பிடித்தது 80 யூரோ என்று கிடக்கிறது. பழுது பார்த்து எனாமல் பளபளப்பவற்றுக்கு 400, 500 கூடக் கேட்கிறார்கள். ஆனால் கேட்கிற விலை வேறு, கை மாறுகிற விலை வேறு. மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பவையும் அதில் உண்டு. குளிர் தொடங்கும்போது கேட்பார்கள், ஏப்ரலில் யாரும் சீந்த மாட்டார்கள்.

அண்ணன்: அப்படியானால் உங்களுக்கே அனுப்பிவிடலாமா?

சித்தப்பா (பிரான்ஸ்): 60 கிலோவைக் கப்பலில் போட்டால் கூலி அடுப்பின் விலையைத் தாண்டிவிடும். இங்கே இது தெருவுக்கு ஒன்று இருக்கும். புதுச்சேரியில்தான் அபூர்வம். விற்பதென்றால் அங்கேயே விற்க வேண்டும்.

அப்பா: பழம்பொருள் என்றால் அரசாங்க அனுமதி வேண்டாமா?

நான்: 1972ஆம் வருஷச் சட்டம் அப்பா. நூறு வருஷம் தாண்டிய பொருளாக இருந்தால் தொல்பொருள் என்று ஆகிவிடும். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அதை வியாபாரம் செய்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் முதலில் வருஷம் தெரிய வேண்டும் என்கிறேன்.

சனி, மாலை 5.30

அத்தை (கடலூர்): எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். அப்பாவின் தகரப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. 1966இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் சாமான் ஏற்றிய பட்டியல் இருக்கிறது. பதினோராவது வரியில் 'புவால்' என்று அவர் கையெழுத்து, பிரெஞ்சில் அடுப்பு. அதோடு அடுப்பு வாங்கிய ரசீதும் குத்தி வைத்திருக்கிறார். 1958. புதிது.

அத்தை (கடலூர்): (புகைப்படம்)

அண்ணன்: 28,000 பிராங்கா! அவ்வளவு பெரிய பணமா?

சித்தப்பா (பிரான்ஸ்): அது பழைய பிராங்க். 1960இல் நூறு பழைய பிராங்கை ஒரு புதிய பிராங்காக மாற்றினார்கள். அப்படியானால் 280. பிற்பாடு யூரோ வந்தபோது 6.55957 பிராங்குக்கு ஒரு யூரோ. வகுத்தால் 43 யூரோகூட இல்லை. விலையேற்றத்தைச் சேர்க்காத வெறும் கணக்கு இது. ரசீதை வைத்து விலை சொல்ல முடியாது. ஆனால் ரசீது இருப்பதே பொருளுக்கு மதிப்பு, பத்திரமாக வையுங்கள் அக்கா.

நான்: 1958 என்றால் நூறு வருஷம் ஆகவில்லை. அந்தக் கவலை விட்டது.

அம்மா: சரி, வாங்க வருபவர் பார்க்கும்போது நன்றாக இருக்கட்டும். பாத்ரூம் ஆசிட் போட்டுத் தேய்த்துவிடவா?

சித்தப்பா (பிரான்ஸ்): ஐயோ, வேண்டாம் அண்ணி! ஆசிட் பட்டால் எனாமலின் பளபளப்பு போய்விடும், திரும்ப வராது. உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். கதவு விளிம்பில் கயிறு மாதிரி ஏதாவது இருந்தால் அதைப் பிய்க்கவும் சுரண்டவும் வேண்டாம். பழைய அடுப்புகளில் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், தூள் மூச்சில் போகக் கூடாது.

சித்தப்பா (பிரான்ஸ்): உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல். கீழே சல்லடை, சாம்பல் தட்டு, உள்சுவரில் தீச்செங்கல், மேலே மூடி. ஒன்று குறைந்தாலும் விலை இறங்கும்.

அண்ணன்: சல்லடை, தட்டு, மூடி மூன்றும் இருக்கின்றன. செங்கல் ஒன்று உடைந்திருக்கிறது. கதவுக் கண்ணாடி ஒரு கட்டத்தில் இல்லை.

சித்தப்பா (பிரான்ஸ்): அது கண்ணாடி இல்லை, மைக்கா. வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். செங்கலும் பெரிய விஷயம் இல்லை. விரிசல்தான் முக்கியம். மரக் கரண்டியால் எல்லாப் பக்கமும் மெதுவாகத் தட்டு. நல்ல வார்ப்பு மணி மாதிரி கேட்கும். விரிசல் இருந்தால் டப் என்று அடங்கிவிடும். இருட்டியதும் உள்ளே டார்ச்சை வைத்து, அறை விளக்கை அணைத்துப் பார்.

சனி, இரவு 8.10

அண்ணன்: பார்த்தோம். முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் கணீர் என்கின்றன. பின்னால் புகைக்குழாய் மாட்டும் துளைக்குப் பக்கத்தில் சத்தம் இல்லை. இருட்டில் அங்கே முடி மாதிரி ஒரு வெளிச்சக் கோடு, நாலு விரல் நீளம்.

சித்தப்பா (பிரான்ஸ்): வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது சிரமம். எரிக்க வாங்குபவருக்கு அது பெரிய குறை. காட்சிக்கு வாங்குபவருக்குப் பெரிதில்லை. ஆனால் யார் வந்தாலும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான்: கட்டாயம் சொல்வோம். அந்த இடத்தைத் தனியாகவே படம் எடுத்துவிட்டேன். இன்னொன்று, வீட்டுக்குள் எரிக்க வேண்டாம் என்றும் எழுதித் தருவோம். விரிசலில் கசியும் கரிப்புகை ஆளைக் கொல்லும்.

அத்தை (கடலூர்): ஒரே ஒரு முறை அதை எரித்தோம். உங்களில் யாருக்கும் தெரியாது.

அத்தை (கடலூர்): இப்போது பிரான்சில் இருக்கும் நம் சின்னவன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கார்த்திகை முழுக்க விடாத மழை. குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை, எல்லாம் ஈர வாடை. அப்பா இந்த அடுப்பைப் பின் தாழ்வாரத்துக்கு இழுத்துவந்து, குழாயை வெளியே நீட்டி, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் செய்த லெக்கோ கரி போட்டுப் பற்றவைத்தார். அந்தக் காலத்தில் லெக்கோ சுலபமாகக் கிடைக்கும், புகையும் கம்மி. சுற்றிலும் கயிறு கட்டித் துணியை எல்லாம் காயப்போட்டோம். நான் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா உள்ளே இருந்தபடியே, வீடே இஸ்திரி போட்ட துணி வாசனை அடிக்கிறது என்றாள்.

சித்தப்பா (பிரான்ஸ்): அக்கா, இதை எனக்கு ஏன் இதுவரை சொல்லவில்லை?

அத்தை (கடலூர்): யாரும் கேட்கவில்லையே. இப்போது இந்தப் படத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

அப்பா: இரும்புக் கடைக்காரரிடம் நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளி, மாலை 6.20

அண்ணன்: மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். பழைய நாற்காலி, கதவு விற்கும் கடைக்காரர் 6,000 சொன்னார். அவர் லாபம் வைத்து விற்க வேண்டும், அதனால் அந்த விலை நியாயம்தான் என்று தோன்றியது. சினிமாவுக்குப் பொருள் கொடுக்கும் ஒருவர் வாடகைக்குக் கேட்டார். மூன்றாவது, ஒயிட் டவுனில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு அம்மா. வரவேற்பு அறையில் வைக்கப் போகிறாராம், எரிக்க மாட்டாராம். விரிசலைக் காட்டினேன், குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். 13,500 தருகிறேன் என்றார்.

அம்மா: விரிசலைப் பார்த்த பிறகுமா?

அண்ணன்: ஆமாம் அம்மா. ரசீதைப் பார்த்ததும்தான் அவர் முகமே மாறியது.

அப்பா: வாடகை வேண்டாம். லாரியில் ஏற்றி இறக்கினால் ஒரு நாள் கீழே விழும், வார்ப்பிரும்பு நொறுங்கிவிடும். எனக்கு விடுதி சம்மதம். அக்கா சொல்லட்டும்.

அத்தை (கடலூர்): மாடியில் துருப்பிடிப்பதைவிட நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும் தம்பி. எனக்கும் சம்மதம்.

சித்தப்பா (பிரான்ஸ்): எனக்கும். டிசம்பரில் வரும்போது அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்: நினைவுக்கு அந்தச் சாம்பல் தட்டை மட்டும் நாம் வைத்துக்கொள்ளலாமா?

நான்: வேண்டாம் அண்ணா. முழுசாக இருக்கிறது என்று சொல்லித்தானே விலை பேசினோம். ரசீதின் அசல் அத்தையிடம் இருக்கட்டும், விடுதி அம்மாவுக்கு நகல் கொடுப்போம். அடுப்பின் வரலாறு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இன்று இரவு எழுதுகிறேன். 1958இல் வாங்கியது, 1966இல் மார்செயில் கப்பல் ஏறியது, பின்பக்க விரிசல், மாற்ற வேண்டிய செங்கல், மைக்கா. வேறு ஏதாவது விட்டுவிட்டேனா?

அத்தை (கடலூர்): துணி காயப்போட்டதை எழுதவில்லையே.

நான்: அதையும் எழுதுகிறேன் அத்தை.