பழைய ஜப்பான் ஆர்கன்: கண்டென்சர் எல்லாத்தையும் மாத்தணுமா?

கொயர் பையன், கடலூர்:
எங்க கோயில் மாடியில ரொம்ப வருஷமா மூடிக் கெடந்த ஆர்கன், ட்ரான்சிஸ்டர் காலத்து மாடல், ரெண்டு கீபோர்டு, கால் பெடல் எல்லாம் உண்டு, 100 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு ஆன் பண்ணா உர்ர்ருனு ஒரே ஹம், சி ஷார்ப் கட்டை மட்டும் மேல் ரெண்டு ஆக்டேவுலதான் வருது, கீழ் ஆக்டேவுல சுத்தமா இல்ல, சில கட்டை கரகரங்குது. கிறிஸ்துமசுக்குள்ள வாசிக்கணும்ங்கறாரு பாதர். எங்க ஆரம்பிக்கறது?

பாண்டி ஆம்ப்ளி:
யோசிக்கவே வேணாம் தம்பி. உள்ள இருக்கற எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் (உள்ள ரசாயனத் திரவம் இருக்கற வகை) மொத்தத்தையும் கழட்டிப் போட்டு புதுசு போடு. இத்தன வருஷத்துல காஞ்சு போயிருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா ஒரே பையில வாங்கிட்டு வந்துடலாம்.

முத்தியால்பேட்டை ரேடியோ:
அண்ணே, ஹம்முக்கு பவர் சப்ளை ஃபில்டர் கண்டென்சர மாத்தட்டும், அதுல எனக்கு சண்டை இல்ல. சி ஷார்ப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மாதிரி ஆர்கன்ல 12 சுரத்துக்கு 12 ஆசிலேட்டர் (சுரத்தப் பொறப்பிக்கற சர்க்யூட்) இருக்கும், அது குடுக்கறது மேல் ஆக்டேவ் மட்டும்தான், கீழ ஒவ்வொரு ஆக்டேவும் டிவைடர் பாதி பாதியா வெட்டி இறக்கறது. ஆசிலேட்டர் போயிருந்தா சி ஷார்ப் எங்கயுமே வராது. மேலேர்ந்து மூணாவது ஆக்டேவுல நிக்குதுன்னா கோளாறு அந்த டிவைடர்ல. ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர்ல வயர் இழுத்து அந்த டிவைடரோட இன்புட்ல சத்தம் இருக்கா அவுட்புட்ல இருக்கான்னு கேட்டாலே தெரிஞ்சுடும்.

பாண்டி ஆம்ப்ளி:
இன்னிக்கு டிவைடர், அடுத்த மாசம் ஆம்ப்ளிஃபையர் போர்டுல கப்ளிங் கண்டென்சர் (சிக்னல அடுத்த கட்டத்துக்குக் கடத்தறது), அப்புறம் இன்னொண்ணு. பூசை நடுவுல ஊமையானா நீ ஓடி வருவியா? தொறந்தது தொறந்தாச்சு, முடிச்சுட்டுத்தான் மூடணும்.

முத்தியால்பேட்டை ரேடியோ:
அத்தனையும் ஒரே மூச்சுல மாத்தி ஆன் பண்ணி ஒண்ணுமே வரலன்னா எதத் தேடுவீங்க? பழைய போர்டு, கொஞ்சம் அதிகமா சூடு காட்டினா போர்டுல இருக்கற செம்பு பிரிண்ட் உரிஞ்சு கையோட வருது, ஒண்ணு ரெண்ட தலகீழா வச்சுட்டா அது வேற. ஆசிலேட்டர் காயில் பக்கத்துல இருக்கற ஃபிலிம் கண்டென்சரையும் பழசுன்னு பிடுங்கினா ட்யூனிங்கும் போச்சு.

பாண்டி ஆம்ப்ளி:
எலக்ட்ரோலைட்டிக்னுதான எழுதினேன். படிச்சுட்டுப் பேசு.

லாஸ்பேட்டை கீஸ்:
நம்ம ஊரு 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல பிட்சே இறங்கிடும் ப்ரோ, உள்ள இருக்கறத காயலான் கடைக்குப் போட்டுட்டு மிடி போர்டு (எந்தக் கட்டைய அமுக்கறோம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது) வைங்க.

முத்தியால்பேட்டை ரேடியோ:
அது ஹாமண்ட் கத. 1935ல வந்த டோன்வீல் ஆர்கன், மோட்டார் சுத்தித்தான் சத்தமே பொறக்கும், 60 ஹெர்ட்ஸ் மோட்டார 50ல ஓட்டினா மூணு செமிடோன் இறங்கும். இதுல பிட்ச் ஆசிலேட்டர்லேர்ந்து வருது, கரண்ட் எத்தன ஹெர்ட்ஸா இருந்தா என்ன. (அந்தப் பெடல், ரெண்டு கீபோர்ட மிடி பண்ற செலவு தெரியுமா உங்களுக்கு?)

பாண்டி ஆம்ப்ளி:
மிடி வேணாம், அதுல நானும் அவன் கட்சி. கரகரப்புக்கு கட்டைக்கு அடியில கான்டாக்ட் பாரு தம்பி, கடலூர் உப்புக் காத்துல கறுத்திருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவா தொடை. உப்புத்தாள் போட்டுத் தேச்சா மேல்பூச்சே போயிடும்.

கொயர் பையன், கடலூர்:
பின்பக்கம் கழட்டிட்டேன் அண்ணே. சப்ளையில பெரிய கண்டென்சர் ஒண்ணு தல உப்பி இருக்கு, அடியில பிசுபிசுன்னு ஒழுகியிருக்கு.

பாண்டி ஆம்ப்ளி:
பாத்தியா!

முத்தியால்பேட்டை ரேடியோ:
அது சப்ளை கண்டென்சர், அத நானே மொதல்ல சொல்லிட்டேன். பிளக்க உருவிட்டு, ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பாத்துட்டு அப்புறம் கை வைங்க. அதே மைக்ரோஃபாரட், வோல்ட் கூட இருந்தா பரவாயில்ல, கொறையக் கூடாது. மாத்திட்டு சப்ளை வோல்டேஜ் எவ்வளவு வருதுன்னு எழுதுங்க, டிவைடர அப்புறம் பாப்போம்.

பாண்டி ஆம்ப்ளி:
ரிச்சி ஸ்ட்ரீட் போறப்ப மத்ததுக்கும் சேத்தே வாங்கி வச்சுக்க தம்பி. ரெண்டு தடவ பஸ் ஏறாத.