பதின்வயது த்ரில்லர்: பென்னாகரம் பக்கத்துக் கிராமம், காணாமல் போகும் தோழி. எங்கே இடிக்கிறது?

கேட்டவர்: கீற்றுவெளிச்சம்

ஒகேனக்கல் காட்டை ஒட்டிய ஒரு கற்பனைக் கிராமம். கதை சொல்பவள் பத்தாம் வகுப்பு, 15 வயது. ஜூனில் பள்ளி திறக்கும்போது கூடப் படித்த தோழி வரவில்லை. கேட்டால் "அத்தை ஊர்ல சேர்த்துட்டோம்" என்கிறார்கள். ஆடி மாதம், வெள்ளம் ஏறும் நேரத்தில், தோழியைப் பரிசலில் அக்கரைக்குக் கொண்டுபோய்க் கல்யாணம் கட்டிவைக்கத் திட்டம். நாயகி குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்ய, போலீஸ் வந்து மீட்கிறது. முடிவு சப்பென்று இருக்கிறது. தோழி வயதுக்கு வந்தபோது குச்சில், அதாவது தனிக் கீற்றுக்குடிசையில், இருந்த நாட்களும் கதையில் வரும். அந்தப் பகுதியில் அழுகை, வசனம் இல்லாமல் பயம் வரவேண்டும்.

பதில்: பிலிகுண்டுலு

முதலில் மாதத்தை மாற்றுங்கள். ஆடியில் யாரும் தாலி கட்டமாட்டார்கள், அந்த ஒரு வரியிலேயே வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஆனி கடைசி முகூர்த்தம் என்று வையுங்கள். "ஆடி பொறக்குறதுக்குள்ள முடிச்சிரணும்" என்ற அவசரம் தானாக வந்துவிடும். ஜூலை முதல் பாதி என்பதால் ஆறும் கைகொடுக்கும். கர்நாடக அணைகளான கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால், எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும், உடனே மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். கல்யாண வீட்டார் தடை வருமுன் கடந்தாக வேண்டும். அத்தியாயத் தலைப்பில் அன்றைய கனஅடியைப் போட்டாலே போதும்.

அடுத்தது 1098. அழைத்தவுடன் ஜீப் வராது. தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். இங்கே மாவட்ட சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அவர் ஆட்கள் காவலரோடு வீட்டுக்கு வந்து, 18 முடியும்வரை கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குவார்கள். நீங்கள் இங்கே கதையை முடிக்கிறீர்கள், நடைமுறையில் ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுதிக் கொடுத்த அதே ராத்திரி பெண்ணை வேறு ஊருக்கு மாற்றி, விடிவதற்குள் ஏதோ ஒரு கோயிலில் தாலி கட்டிவிடுவதுண்டு.

சட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2006ஆம் வருடச் சட்டப்படி குழந்தைத் திருமணம் பொதுவாகத் தானாகவே செல்லாததாகிவிடாது. அந்தப் பெண்ணே மனு போட்டு ரத்து செய்யவேண்டும், 18 முடிந்து இரண்டு வருடம்வரை அவகாசம். ஆனால் 13ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் தடையாணை போட்டபிறகு கட்டிய தாலி 14ஆம் பிரிவுப்படி ஆரம்பத்திலிருந்தே செல்லாது. விவரம் நேரடியாகத் தெரிந்த எவரும் புகார் கொடுக்கலாம், 15 வயது நாயகி உட்பட. ஆகவே அவள் ஓடவேண்டியது போலீஸ் ஸ்டேஷனுக்கு மட்டுமல்ல, அந்த ஒரு தடையாணைத் தாளுக்காகவும்தான்.

கீற்றுவெளிச்சம்

நாயகியிடம் போன் கிடையாது. அப்பா போனில்தான் கூப்பிடுவாள்.

பிலிகுண்டுலு

1098 இலவசம், பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். ஆனால் அப்பா போனின் அழைப்புப் பட்டியலில் அந்த நாலு இலக்கம் நிற்கும். அவளுக்கு அழிக்கத் தெரியும், ஆனால் நேரம் கிடைக்கவில்லை என்று வையுங்கள்.

பதில்: மொய்நோட்டு

குச்சுக் காட்சிக்கு வருகிறேன். தாய்மாமன் முறை உள்ளவர் பச்சைத் தென்னங்கீற்றில் கட்டித்தருவது. தனித் தட்டு, தனி டம்ளர், பாய், காத்துக் கருப்பு அண்டாமலிருக்க ஒரு இரும்புத் துண்டு, வேப்பிலை. சாப்பிட உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. எத்தனை நாள் என்பது ஊருக்கும் சாதிக்கும் தக்கபடி 7, 9, 11, 16 என்று மாறும். யார் வீடு என்று முடிவு செய்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

பயத்தைக் கீற்றே தரும். முதல் நாள் பச்சை வாசனை, வெளிச்சமே நுழையாத நெருக்கம். நாலைந்து நாளில் ஓரம் பழுத்துச் சுருளும், காற்றுக்குச் சரசரக்கும், இடுக்கு விரியும். முதலில் குரல் மட்டும் கேட்டவளுக்கு அப்புறம் செருப்பு தெரிகிறது, கடைசியில் முகம். யாரோ ஒருவர் வாசலில் நின்று அவள் ஜாதகத்தைக் கேட்கிறார். அவளுக்கு இன்னும் பொம்மை வரையும் வயது. வில்லன் சிரிப்பெல்லாம் வேண்டாம். அம்மா, அத்தை, பாட்டி எல்லாரும் அன்பாகத்தான் இருப்பார்கள், களி ஊட்டுவார்கள். அந்த அன்பை எழுதாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

இந்தக் குடிசை ஆபத்து கற்பனையும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயலின்போது பட்டுக்கோட்டை அருகே, வயதுக்கு வந்ததால் தனிக்குடிசையில் படுக்கவைக்கப்பட்ட சிறுமி, தென்னை விழுந்து இறந்துபோனாள்.

துப்புக்கு மொய் நோட்டு இருக்கிறது. மஞ்சள் நீராட்டில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். எல்லாரும் 200, 500 எழுதிய பக்கத்தில் அக்கரை ஊர்க்காரர் ஒருவர் 10,001 எழுதியிருந்தால் நாயகிக்கு வேறென்ன சொல்லவேண்டும்?

பதில்: வருகைப்பதிவேடு

"அத்தை ஊர்ல படிக்கிறா" என்ற பொய்யைப் பள்ளியிலேயே உடைக்கலாம். டிசி கொடுத்தால், பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பெயர் காமன் பூல் என்ற பொதுப்பட்டியலுக்குப் போகும். வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கும். ஜூலையிலும் அங்கே இருந்தால் எந்த ஊரிலும் அவள் சேரவில்லை. இது நாயகி கண்ணில் படாது, வகுப்பாசிரியர் வாயிலிருந்து வரட்டும்.

வயதை மறைக்க ஆதாரில் வருடத்தை மாற்றுவதாக எழுதினால், அது ஏன் எடுபடாது என்பதையும் எழுதுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 94: முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை, உத்தரவிட்ட 15 நாளுக்குள். ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. அதனால் அப்பா தேடி எரிக்கவேண்டியது பள்ளிச் சான்றை. சேர்க்கைப் பதிவேடு மட்டும் தலைமையாசிரியர் பீரோவில் பத்திரமாக இருக்கும்.

மீட்ட பெண்ணை ஸ்டேஷனில் இரவு தங்கவைப்பதாக எழுதாதீர்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தவேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். குழு அவளை இல்லத்தில் வைக்கலாம், பெற்றோரிடமே திருப்பியும் அனுப்பலாம். உங்கள் கடைசி அத்தியாயம் அந்த அறைதான். வெளியே பெஞ்சில் அம்மா, மடியில் தூக்குவாளி. உள்ளே ஒரு மேடம் தண்ணீர் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போறியாம்மா?" என்று கேட்கிறார்.