மறு: 'நியூரோமாடுலேட்டர்' தமிழில் என்ன?

> அமிட்ரிப்டிலினுக்கும் 'மனச்சோர்வு நீக்கி' என்றே போட்டுவிட்டால் என்ன? புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம். நம் மருத்துவச் சொற்பட்டியலுக்காக 'நியூரோமாடுலேட்டர்' (நரம்புகளின் வேலையைக் கூட்டியோ குறைத்தோ மாற்றும் மருந்து) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

அமிட்ரிப்டிலினுக்கு 'மனச்சோர்வு நீக்கி' என்று போட்டால் நோயாளி மாத்திரையைத் தொடமாட்டார். ஐ.பி.எஸ். (irritable bowel syndrome) எனும் குடல் எரிச்சல் நோயின் வயிற்றுவலிக்கு அமிட்ரிப்டிலினை இரவில் 10 மி.கி. அளவில் தொடங்குகிறார்கள், தேவைப்பட்டால் 30 வரை ஏற்றுவார்கள். மனச்சோர்வுக்குத் தருவது இதைப்போலப் பல மடங்கு. இங்கே அதற்கு வேலை வேறு. குடலிலிருந்து மூளைக்குப் போகும் வலி உணர்வை மட்டுப்படுத்த வேண்டும். சாதாரண வாயுவே சிலருக்குக் கத்தியாய்க் குத்துவது அந்த நரம்புகளின் மிகையான கூருணர்வால்தான். இதையெல்லாம் விளக்காமல் சீட்டில் 'மனச்சோர்வு' என்று எழுதினால், "வலியே என் கற்பனை என்கிறாரா டாக்டர்?" என்றுதான் கேட்பார்கள்.

ஆங்கிலத்திலும் இதே தொல்லைதான். இத்தகைய குடல் கோளாறுகளை ஆராயும் ரோம் அறக்கட்டளையின் குழு 2018-இல் 'நியூரோமாடுலேட்டர்' என்ற பெயரை முன்வைத்ததில் இந்தத் தயக்கத்தைக் களையும் நோக்கமும் உண்டு. மருந்து வெறும் சமாதானமும் இல்லை: முதல்கட்ட மருத்துவம் பலிக்காத 463 பேரிடம் இங்கிலாந்தில் நடந்த அட்லாண்டிஸ் ஆய்வில் (லான்செட் மருத்துவ இதழ், 2023), ஆறு மாத முடிவில் வெற்று மாத்திரையைவிட இது நன்றாகவே வேலை செய்தது. வாய் உலரும், தூக்கம் வரும், மலம் கட்டும். வயிற்றுப்போக்கு வகை ஐ.பி.எஸ்.ஸுக்கு அந்தக் கடைசிக் குணம் உதவியும்கூட.

சரி, சொல்லுக்கு வருவோம். 'நரம்புப் பண்பேற்றி' இலக்கணப்படி சரிதான், ஆனால் வானொலி அலையின் 'மாடுலேஷ'னுக்கும் பண்பேற்றம் என்றே பெயர் என்பதால் வானொலிப் பாடம் நடத்துவது போல இருக்கிறது. 'நரம்புத் தளர்த்தி' வேண்டவே வேண்டாம். பேருந்து நிலையச் சுவர்களில் 'நரம்புத் தளர்ச்சியா?' என்று கேட்கும் லாட்ஜ் வைத்தியர்கள் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'தணிப்பி' அழகு, ஆனால் மாடுலேட்டர் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். என் ஓட்டு 'நரம்புச் சீராக்கி'க்கு. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் போன்றவை 'மைய நரம்புச் சீராக்கிகள்' ஆகும்.

அப்புறம், குடல் தசைப் பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின், மெபெவெரின் வகைக்கு நம் பட்டியலில் 'இசிவகற்றி' என்று இருக்கிறது. இசிவு என்றால் பலருக்கும் டெட்டனஸ்தான் நினைவுக்கு வரும். "வயிறு இழுத்துப் பிடிக்குது" என்றுதானே ஆட்கள் சொல்கிறார்கள்? 'பிடிப்பு நீக்கி' போதும். குடல் தசையைத் தளர்த்தும் பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரையும் இதிலேயே அடங்கிவிடும்.

லினாக்ளோடைடுதான் எனக்கு இடிக்கிறது. ஐ.பி.எஸ்.ஸில் மலச்சிக்கல் வகைக்கு மட்டும் தரும் மருந்து. குடலுக்குள் நீர் சுரக்க வைக்கிறது, வலியையும் குறைக்கிறது. 'சுரப்பூக்கி' என்றால் பாதி வேலைதான் பெயரில் வருகிறது. மலமிளக்கியோடு சேர்த்தால் வலி விட்டுப்போகிறது. மருந்தியல் படித்தவர்கள் யாராவது இதற்கு ஒரு வழி சொல்லுங்களேன்.